வேட்பாளர் போனுக்கு ஓடாதீர்கள்
கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது வாசல் சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும்தான். தேயிலை வண்டிக்காரரோ என்று கொழுந்துப் பையைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிப்போய் எடுத்தால், "வணக்கம், உங்கள் வேட்பாளர் பேசுகிறேன்" என்று பதிவுக் குரல். திட்டினாலும் அதற்குக் கேட்காது. 1909 என்ற எண்ணில் டிஎன்டி (தொந்தரவு அழைப்பு வேண்டாம் என்ற பதிவு) செய்தும் பார்த்தேன், அது வியாபார அழைப்புகளுக்குத்தானாம்.

சரி, இப்படிச் செய்யுங்கள்: போனின் பொது ரிங்டோனை 'எதுவுமில்லை' என்று மாற்றிவிட்டு, வேண்டியவர்கள் எண்ணுக்கு மட்டும் தனி ரிங்டோன் வையுங்கள். வண்டிக்காரருக்கு நான் வைத்திருப்பது தவில், சரிவு வரை கேட்கும். அப்புறம், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் இந்தக் குரல் வந்தால் அது விதிமீறல், எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.