கிராமத்துக்கு சோலார் மின்சாரம்: திட்டங்கள் சறுக்கும் இடங்கள்

பீகாரில் ஜெகானாபாத் மாவட்டத்திலுள்ள தர்னை கிராமம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இருட்டில் கிடந்தது. 2014இல் கிரீன்பீஸ் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் அங்கே 100 கிலோவாட் சோலார் மின்நிலையம் அமைத்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த, அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம் ஊர்க்காரர்கள், "எங்களுக்கு நிஜமான கரண்ட் வேண்டும்" என்று முழக்கமிட்டார்கள். நன்றி கெட்டதனமாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் கேட்டது நியாயம்தான். டிவி, ஃபிரிட்ஜ் என்று பல வீடுகளில் போட்டதும் அந்த நிலையம் திணறியது. ஏழை வீட்டுக்கு ஒரு பல்பு போதும் என்று திட்டமிடுபவர் முடிவு செய்வதுதான் முதல் தவறு. ஐந்து வருடம் கழித்து என்னென்ன சாதனம் வாங்குவீர்கள் என்று அந்த மக்களிடமே கேட்க வேண்டும்.

அரசு மின்கம்பி வரவே வராது என்று நம்புவது அடுத்த தவறு. தர்னைக்கு அது சீக்கிரமே வந்தது, கட்டணமும் குறைவு. மக்கள் அந்தப் பக்கம் போனார்கள். பேட்டரிகள் செத்தன, மாற்ற ஆளில்லை. கடைசியில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள். அரசு லைன் வந்தால் சோலார் நிலையத்தை அதோடு எப்படி இணைப்பது, யூனிட்டுக்கு என்ன விலை என்பதையெல்லாம் முதல் நாளே பேசி முடித்திருக்க வேண்டும்.

வங்கதேசக் கதை வேறு. 2003இல் தொடங்கிய தவணைத் திட்டத்தில் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் சோலார் பெற்றன. உலகமே வியந்த சாதனை அது. பிறகு அரசே இன்னொரு பக்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைக்கும்போது யார் தவணை கட்டுவார்கள்? மின்கம்பியும் வேகமாகப் பரவ, கடன் கொடுத்த நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. ஒரே ஊரில் இலவசத்தையும் தவணையையும் கலக்கவே கூடாது.

பெரிய திட்டங்களும் தப்புவதில்லை. கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் 365 காற்றாலைகள் 2017இலேயே தயார். மின்சாரத்தை எடுத்துச் செல்லும் லைன் முடிந்ததோ 2018 செப்டம்பரில். அதுவரை அவை சும்மா நின்றன.

அப்புறம் பேட்டரி. பேனல் இருபது வருடம் உழைக்கும், ஈய பேட்டரி சில வருடம்தான். மாற்றுவதற்கான பணத்தை மாதக் கட்டணத்திலேயே சேர்த்துத் தனிக் கணக்கில் போட வேண்டும். பழைய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் உருக்கும் இடங்களில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படுகிறது. திருப்பித் தருபவருக்குப் புதிய பேட்டரியில் விலை குறைக்க வேண்டும், பழையது எந்த ஆலைக்குப் போகிறது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.