மாநில கோல்ஃப் அணியைத் தேர்ந்தெடுத்து வழிநடத்துவது எப்படி?

மாநிலங்களுக்கு இடையிலான அமெச்சூர் கோல்ஃப் போட்டிக்கு அணி அனுப்பும்போது தரவரிசைப் பட்டியலை எடுத்து மேலிருந்து பெயர்களைக் குறித்துக்கொள்வது எளிது. ஆனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது போட்டியின் நிபந்தனைத் தாள்தான். ஒரு முறையில் கோப்பையை வெல்லக்கூடிய அணி, வேறொரு முறையில் நடுவரிசையிலேயே நின்றுவிடலாம்.

இரண்டு போட்டிகளை ஒப்பிட்டால் இது விளங்கும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1995இல் தொடங்கிப் பின்னர் கைவிட்ட மாநில அணிச் சாம்பியன்ஷிப்பில், 50 மாநிலங்களோடு வாஷிங்டன் டி.சி.யும் போர்ட்டோ ரிக்கோவும் மூவர் அணிகளை அனுப்பின. ஆட்டம் ஸ்ட்ரோக் பிளே முறையில் (எல்லா அடிகளையும் கூட்டி, குறைந்த மொத்தம் வெல்லும் முறை) மூன்று நாள்களில் 54 குழிகளுக்கு நடந்தது. ஒவ்வொரு நாளும் மூவரில் சிறந்த இருவரின் ஸ்கோர் மட்டும் அணிக்குச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஆறு மாநிலங்கள் மோதும் போட்டியோ மாட்ச் பிளே முறையைச் சேர்ந்தது; அதில் குழிக்குக் குழி யார் வென்றார் என்பதே கணக்கு. அங்கே ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.

மூவரில் இருவர் கணக்கென்றால், ஒரே நாளில் 71, 74, 79 அடித்த அணியின் மொத்தம் 145. அந்த 79 காணாமல் போய்விடுகிறது. மூவருமே தவறாமல் 74 அடிக்கும் அணிக்கு 148 ஆகும். எனவே நிதானமான இருவரோடு, ஒருநாள் 69, மறுநாள் 80 என்று ஏறி இறங்கும் துணிச்சல்காரர் ஒருவரைச் சேர்ப்பது பிழையல்ல என்பது என் கருத்து. அப்படிப்பட்டவர் இருவரைச் சேர்த்தால்தான் ஆபத்து, ஏனெனில் இருவரும் ஒரே நாளில் சறுக்கினால் மறைக்க இடமில்லை. மூன்று நாள்களில் விளையாடப்படும் ஒன்பது ஸ்கோர்களில் ஆறுதான் எண்ணப்படும் என்பதைத் தேர்வுக் குழு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்ச் பிளேயில் கணக்கே வேறு. பார் 4 குழியில் (நான்கு அடிகளில் முடிக்க எதிர்பார்க்கப்படும் குழி) ஒன்பது அடித்தவர் அந்த ஒரு குழியை மட்டுமே இழக்கிறார். ஆகவே இங்கே சராசரி ஸ்கோரைவிட பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) அடிக்கும் வேகமும், ஆறடி தூரத்து ‘பட்’டை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) எதிராளியின் கண் முன்னே உள்ளே தள்ளும் நெஞ்சுரமும் அதிகம் பேசும். ஆட்டக்காரர்களின் வரிசையை அணித்தலைவர் முன்கூட்டியே எழுதித் தருகிறார் என்றால், வலிமையானவர்கள் எல்லோரையும் கடைசிக்கு ஒதுக்கிவைக்காதீர்கள். அவர்கள் பதினைந்தாவது குழிக்கு வருவதற்குள் அணியின் முடிவு தெரிந்துவிடக்கூடும். அணி தோற்றது உறுதியான பின்பும் மீதமுள்ள ஆட்டங்களை விட்டுவிட வேண்டாம். புள்ளிகள் சமமானால் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை பார்க்கப்படுமா என்பதை நிபந்தனைத் தாளில் தேடுங்கள். எதிராளிக்கு ஒரு ‘பட்’டை விட்டுக்கொடுத்தால் (அடிக்காமலே உள்ளே போனதாக ஏற்றுக்கொண்டால்) அதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் இளையவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஃபோர்சம் ஆட்டம் இருந்தால், முந்தின நாள் மாலையே மைதானத்தின் கார்டோடு (குழிகளின் விவரம் உள்ள ஸ்கோர் அட்டை) உட்காருங்கள். ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளிலும் மற்றவர் இரட்டைப்படைக் குழிகளிலும் டீயிலிருந்து (குழியின் முதல் அடி அடிக்கும் இடம்) தொடங்க வேண்டும். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் கார்டைப் பார்த்தால் (அங்கே மாநிலப் போட்டி நடப்பதில்லை, உதாரணத்துக்குத்தான்) நான்கு பார் 3 குழிகளும் 4, 6, 12, 16 என இரட்டைப்படையிலேயே வருகின்றன. அத்தகைய மைதானத்தில் அயர்னில் (பார் 3 போன்ற குறுகிய தூரத்துக்கு ஏற்ற மட்டை) கைதேர்ந்தவருக்கு எந்தப் பக்கம் என்று யோசிக்கவே தேவையில்லை. அபராத அடியால் முறை மாறுவதில்லை: ஒருவர் டீயிலிருந்து அடித்த பந்து எல்லைக்கு வெளியே போனால், அதே டீயிலிருந்து அடுத்து அடிக்க வேண்டியவர் அவருடைய கூட்டாளியே. பதற்றத்தில் அவரே மறுபடியும் அடித்துவிட்டால், மாட்ச் பிளேயில் அந்தக் குழி போய்விடும்.

ஆலோசனை விதியில்தான் நல்ல அணிகளும் தடுமாறுகின்றன. ஒரே சட்டை அணிந்திருப்பதால் அணித்தோழரிடம் எதையும் கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் கூட்டாளியாக இல்லாத தோழர் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது, “ஏழாவதில் என்ன கிளப் (மட்டை) எடுத்தாய்?” என்று கேட்டால் மாட்ச் பிளேயில் ஒரு குழியும், ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடிகளும் அபராதம். போட்டிக் குழு உள்ளூர் விதியின் மூலம் அனுமதித்தால், அணி முன்கூட்டியே பெயர் குறித்துத் தரும் ஆலோசகர் மட்டும் பேசலாம். அந்த விதி நடைமுறையில் உள்ளதா என்பதை முதல் நாள் காலையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

தகுதி விவகாரங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம்: வசிப்பிடச் சான்று, சங்க உறுப்பினர் பதிவு, அமெச்சூர் நிலை. 2022 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஹேண்டிகேப் (திறனுக்கேற்ப அடிகளில் தரும் சலுகை) இல்லாத போட்டியில் அமெச்சூர் பெறக்கூடிய பரிசின் உச்சவரம்பு 1,000 டாலர்.

ஸ்ட்ரோக் பிளே என்றால் அணித்தலைவரின் நாள் கடைசிக் குழியில் முடிவதில்லை. கார்டு ஒப்படைக்கும் மேசைக்கு அருகே நின்று, ஒவ்வொருவரும் குழிக்குக் குழி எண்களைச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள். மொத்தத்தைக் கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை. குழி எண்களுக்கு ஆட்டக்காரரே பொறுப்பு. 5 அடித்த இடத்தில் 6 என்றிருந்தால் 6 நிலைத்துவிடும். 4 என்றிருந்தால் அவர் தகுதி இழக்கிறார். அப்போது காணாமல் போயிருந்த அந்த 79, அணியின் கணக்குக்குத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.