புழு முட்டை இரண்டாகப் பிரிவதை நீங்களே பார்க்கலாம்

கோபி, சத்தி பக்கம் வாழை வைத்திருப்பவர்களிடம் நூற்புழு என்று சொன்னாலே முகம் மாறிவிடும். வேரை அரித்து மரத்தையே சாய்த்துவிடும் ஜாதி அது. நான் இங்கே சொல்லப் போவது அதன் தூரத்துச் சொந்தம். பயிரைத் தொடாது, அழுகிய பழத்தில் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும். அதில் பேர் பெற்றது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நீளம் சுமார் 1 மில்லிமீட்டர், உடம்பு கண்ணாடி மாதிரி. இதன் முட்டையில் எந்தச் செல் எதிலிருந்து பிறக்கிறது என்று பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் சல்ஸ்டனும் கூட்டாளிகளும் 1983-ல் முழு வம்சாவளியே எழுதி முடித்துவிட்டார்கள்.

முட்டை ஒரே ஒரு செல். அதில் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று எப்படி முடிவாகிறது? இதற்கான பதிலில் ஒரு பாதியைக் கல்லூரி மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

1. புழு பிடிப்பது

தோட்டத்தில் தரையில் விழுந்து கொழகொழவென்று ஆன வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுத்தரை சாணி, கழிவுநீர் ஓடும் மண் இரண்டும் வேண்டாம். மனிதனுக்கும் மாட்டுக்கும் நோய் தரும் புழுக்களின் குஞ்சுகள் அதில் இருக்கலாம். பழமே ஆனாலும் கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

டீ வடிகட்டியில் மெல்லிய துணி விரித்து, பழத்தை வைத்து, அதன் அடி தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு கிண்ணத்தின் மேல் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். புழுக்கள் நெளிந்து நெளிந்து துணியைத் தாண்டிக் கிண்ணத்தின் அடிக்கு இறங்கிவிடும். நம் பக்கம் கிடைப்பது எலிகன்ஸாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் நெருங்கிய சொந்தமான பிரிக்சேவாக இருக்கலாம். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பிரிக்சே வகை ஒன்று அகமதாபாத்தில் பிடித்ததுதான். நான் கீழே தரும் அளவும் நேரமும் எலிகன்ஸுக்கு உரியவை. மற்ற இனங்களில் முன்பின் மாறும்.

மார்கழி, தை மாதங்களில் செய்வது உத்தமம். சித்திரை வெயிலில் முட்டைகள் ஒழுங்காக வளராது. அறை 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

2. ஸ்லைடு தயார் செய்வது

100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அகர் பொடியைக் கொதிக்கவைத்துக் கரையுங்கள். சூட்டோடு ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, மேலே இன்னொரு ஸ்லைடை வைத்து லேசாக அழுத்தினால் மெல்லிய தோசை மாதிரி உறையும். உறைந்ததும் மேல் ஸ்லைடை இழுத்து எடுத்துவிடுங்கள். இந்த மெத்தைதான் முட்டை நசுங்காமல் காப்பாற்றும்.

கவர் கிளாஸில் ஒரு சொட்டு நார்மல் சலைன் விடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், ஓடு முழுதாக இறுகாத இளம் முட்டை கெட்டுப்போகும். உடம்புக்குள் முட்டைகள் வரிசையாகத் தெரிகிற பெரிய புழு ஒன்றை அதில் போட்டு, இன்சுலின் ஊசி இரண்டால் நடு உடம்பில் வெட்டுங்கள். முட்டைகள் வெளியே கொட்டும். மெத்தை உள்ள ஸ்லைடைக் கவிழ்த்து அந்தச் சொட்டைத் தொட்டால் கவர் கிளாஸ் தானாக ஒட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் வாசலின் பூசிவிடுங்கள். முதல் தடவை நான் பூச மறந்துவிட்டேன். விளக்குச் சூட்டில் மெத்தை காய்ந்து, முட்டை பிரியப் போகிற நேரத்தில் சுருங்கிப்போனது. அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

3. பார்ப்பது

400 மடங்கில் வையுங்கள். கண்டென்சர் டயஃப்ரத்தை (மேடைக்கு அடியில் வெளிச்சம் வரும் துளையை) நன்றாகக் குறைத்தால்தான் உள்ளே இருப்பது எடுப்பாகத் தெரியும். முட்டை சுமார் 50 மைக்ரான் நீளம். உள்ளே மணல் அள்ளிப் போட்ட மாதிரி துகள்கள்; அவற்றுக்கிடையே துகள் இல்லாத, தெளிவான இரண்டு வட்டங்கள் தெரிந்தால் சரியான முட்டை கிடைத்துவிட்டது. ஒரு வட்டம் தாயின் கரு (நியூக்ளியஸ்), இன்னொன்று தந்தையின் கரு.

தந்தையின் கரு எந்த முனையில் இருக்கிறதோ அதுதான் வால் பக்கம். விந்தணு நுழைந்த இடத்தை வைத்தே இது முடிவாகிறது. விந்தணு தன்னோடு சென்ட்ரோசோம் என்ற சிறு அமைப்பையும் கொண்டு வருகிறது. செல்லின் தோலுக்கு அடியில் ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் சேர்ந்த வலை ஒன்று விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும். சென்ட்ரோசோம் நெருங்கிய இடத்தில் மட்டும் அந்த விறைப்பு தளர்கிறது. உடனே வலை மொத்தமும் எதிர்ப்பக்கம் சுருண்டு ஓடுகிறது, ஆறின பாலின் ஆடையை ஒரு ஓரத்துக்கு இழுத்த மாதிரி. நீங்கள் பார்ப்பதும் இதைத்தான்: முதலில் முட்டையின் மேற்பரப்பு முழுக்கச் சுருக்கமாக நெளியும், அப்புறம் வால் பக்கம் வழவழப்பாகிவிடும், தலைப் பக்கம் மட்டும் நெளிந்துகொண்டிருக்கும். நடுவில் பிரியப் போவது போல ஒரு பள்ளம் விழும். அது பொய்ப் பிரிவு, மறைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பாதி இனி. வலையோடு பார்-3, பார்-6, பிகேசி-3 என்ற புரதங்கள் தலைப் பக்கம் போகின்றன. காலியான வால் பக்கத்தில் பார்-1, பார்-2 வந்து உட்காருகின்றன. ஒரு கூட்டம் இன்னொன்றைத் தன் எல்லைக்குள் விடாது. பிகேசி-3 பாஸ்பேட்டை ஒட்டிப் பார்-2-ஐக் கழற்றிவிடும். பார்-1 அதே வேலையைப் பார்-3-க்குச் செய்யும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் வரப்பை ஆளுக்கொரு பக்கம் வெட்டித் தள்ளுவது மாதிரிதான். இருவர் பலமும் சமமாகிற இடத்தில் வரப்பு நிற்கும். 1988-ல் கென்னத் கெம்ஃபூஸ் குழுவினர் இந்தப் பார் புரதங்களுக்கான மரபணுக்களில் சிலவற்றை முதலில் கண்டுபிடித்தபோது, இவை கெட்டுப்போன முட்டைகள் பல சரிபாதியாகப் பிரிவதைப் பார்த்தார்கள். ‘பார்’ என்ற பெயரே பங்கு பிரிப்பதில் கோளாறு என்ற பொருளில் வந்தது.

இனி கண்ணை எடுக்காதீர்கள். தாயின் கரு வால் பக்கம் ஓடும். இரண்டும் சந்தித்து, சேர்ந்தே நடுவுக்கு வந்து, அப்படியே ஒரு கால் சுற்றுத் திரும்பும். கரு வட்டங்கள் மறைந்து, முட்டையின் நீளவாக்கில் கதிர் (குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்து இழுக்கும் நூல்கட்டு) அமையும். அதை இரு முனையிலிருந்தும் டைனீன் புரதங்கள் இழுக்கின்றன. வால் பக்கத்து இழுப்பு அதிகம் என்பதால் கதிர் மெல்ல அந்தப் பக்கம் நகரும். கதிரின் வால் முனை தொட்டில் மாதிரி நன்றாக மேலும் கீழும் ஆடும். நான் இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. வெட்டு கதிரின் நடுவில் விழுவதால் தலைப் பக்கச் செல் பெரிசு, வால் பக்கச் செல் சிறிசு. பெரியது ஏபி, சிறியது பி1.

4. விட்டுவிடாமல் இன்னும் கால் மணி நேரம்

ஏபி முதலில் பிரியும். பி1 சுமார் 2 நிமிடம் கழித்துத்தான். ஏபியின் கதிர் குறுக்கே அமையும், பி1-னுடையது நீளவாக்கில். ஓட்டுக்குள் இடம் போதாமல் நான்கு செல்களும் சாய்சதுரமாக ஒண்டிக்கொள்ளும். அதில் வால் முனையில் ஒட்டியிருக்கும் சின்னச் செல்லைப் பாருங்கள். அது பி2. இந்தப் புழு பெரிதாகி உண்டாக்கப் போகும் முட்டையும் விந்தும் எல்லாமே அந்த ஒரு செல்லின் வழியில்தான் வரும்.