லாராவெலில் ஒவ்வொரு கஸ்டமரின் கடைசி ஆர்டரையும் இரண்டே குவெரியில் எடுப்பது எப்படி?

லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஆப்பில், கஸ்டமர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசி ஆர்டரின் தேதியைக் காட்ட வேண்டும். பிளேடு (Blade, லாராவெலின் டெம்ப்ளேட்) லூப்புக்குள் 'ஆர்டர்ஸ்()->லேட்டஸ்ட்()->ஃபர்ஸ்ட்()' என்று எழுதினால் 50 கஸ்டமருக்கு 51 குவெரி (டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வி) ஓடும். தொகையையும் அதே வழியில் எடுத்தால் 101. எல்லா ஆர்டரையும் 'வித்' (with) போட்டு முன்கூட்டியே ஏற்றினால் குவெரி குறையும், ஆனால் வேண்டாத ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் மெமரியில் வந்து உட்காரும்.

படி 1: கஸ்டமர் மாடலில் 'ஆர்டர்ஸ்' உறவு அப்படியே இருக்கட்டும். கூடவே 'லேட்டஸ்ட்ஆர்டர்' என்று புதிய மெத்தட் எழுதி, இதைத் திருப்பி அனுப்புங்கள்:

$திஸ்->ஹேஸ்ஒன்(ஆர்டர்::கிளாஸ்)->லேட்டஸ்ட்ஆஃப்மெனி()

லாராவெல் 8.42 முதல் இந்த வசதி உண்டு.

படி 2: கன்ட்ரோலரில் கஸ்டமர்::வித்('லேட்டஸ்ட்ஆர்டர்')->கெட்(). கஸ்டமர்களுக்கு ஒரு குவெரி, கடைசி ஆர்டர்களுக்கு ஒரு குவெரி. அவ்வளவுதான்.

படி 3: பிளேடில் அடைப்புக்குறி இல்லாமல் $கஸ்டமர்->லேட்டஸ்ட்ஆர்டர் என்று கூப்பிடுங்கள். அடைப்புக்குறி போட்டால் ஆர்டர் வராது, உறவு ஆப்ஜெக்ட்தான் வரும். ஆர்டரே போடாதவருக்கு நல் (null, அதாவது எதுவும் இல்லை) வரும் என்பதால் அடுத்த அம்புக்குறிக்கு முன் ஒரு கேள்விக்குறி (?->) அவசியம்.

பலரும் சறுக்கும் இடம் இனிதான். 'லேட்டஸ்ட்ஆஃப்மெனி' தானாகப் பார்ப்பது தேதியை அல்ல, ஐடியை. பழைய ஆர்டர்களைப் பிற்பாடு இம்போர்ட் செய்திருந்தால் அவற்றின் ஐடி பெரிதாக இருக்கும். பழைய ஆர்டரே 'கடைசி' என்று வந்து நிற்கும். எரர் எதுவும் வராததால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அதனால் தேதி உள்ள நெடுவரிசையின் (column) பெயரை 'லேட்டஸ்ட்ஆஃப்மெனி'யின் அடைப்புக்குறிக்குள் கொடுத்துவிடுங்கள். இரண்டு ஆர்டருக்கு ஒரே நேரம் பதிவாகியிருந்தால் பெரிய ஐடி உள்ளதை லாராவெலே எடுத்துக்கொள்ளும்.

பணம் கட்டிய ஆர்டர்களில் கடைசியானது வேண்டுமா? 'லேட்டஸ்ட்ஆஃப்மெனி'க்குப் பின்னால் 'வேர்' (where) நிபந்தனையை ஒட்டினால், கடைசி ஆர்டர் பணம் கட்டாததாக இருக்கும்போது நல்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய, பணம் கட்டிய ஆர்டர் வராது. 'ஆஃப்மெனி' மெத்தடுக்கு முதலில் நெடுவரிசைப் பெயரும் 'மேக்ஸ்' (max) என்பதும் சேர்ந்த அரே, இரண்டாவதாக ஒரு குளோஷர் (பெயரில்லாத ஃபங்ஷன்) கொடுத்து, அந்தக் குளோஷருக்குள் 'வேர்' எழுதினால் வடிகட்டிய பிறகே கடைசியைத் தேடும்.

ஆர்டர் டேபிளில் கஸ்டமர் ஐடி, தேதி இரண்டையும் இதே வரிசையில் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் போடுங்கள். டேபிள் பெருகும்போது இது இல்லாவிட்டால் அந்த இரண்டாவது குவெரியே பக்கத்தை இழுத்தடிக்கும்.