வெளி பார்ட்ஸ் மாட்டினால் வாரண்டி போய்விடுமா?

சர்வீஸ் சென்டரில் கேட்டால் "வெளியே ஒரு வயரைத் தொட்டாலும் வாரண்டி போச்சு" என்பார்கள். ஆக்சஸரி கடையில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்பார்கள். இரண்டு பேரும் அவரவர் வியாபாரத்துக்கு ஏற்றதைச் சொல்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு கோளாறின்போதும் எழும் கேள்வி ஒன்றுதான்: கெட்டுப்போன பாகம் கெட்டதற்கு நீங்கள் மாட்டிய பாகம் காரணமா? வெளி ஆம்ப்ளிஃபயர் உள்ள காரில் கதவுக் கண்ணாடி இறங்காமல் நின்றால், அந்தக் கதவு வயரிங்கில் யாரும் கை வைக்காத வரை, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அதே காரில் ஆல்டர்னேட்டர் எரிந்தால், ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு ஆம்பியர் இழுத்தது என்று பார்க்கத்தான் செய்வார்கள்.

பல நாடுகளில் சட்டமும் இந்தப் பக்கம்தான். அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, குறிப்பிட்ட பிராண்டு பாகத்தையே காசு கொடுத்து வாங்கிப் போட்டால்தான் வாரண்டி என்று பொதுவாக நிபந்தனை வைக்க முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவிலும், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. வெளி வேலை எந்தச் சேதத்தை உண்டாக்கியதோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. ஆனால் சட்டம் சாதகமாக இருப்பது வேறு, க்ளெய்ம் பாஸ் ஆவது வேறு. இடையில் இருப்பது உங்கள் கையில் உள்ள பில்லும் போட்டோவும்தான்.

வாங்குவதற்கு முன்

வாரண்டி புத்தகத்தில் "எவை அடங்காது" என்ற பகுதியை முதலில் படியுங்கள். கார் முழுவதற்குமான அடிப்படை வாரண்டி, எஞ்சின்-கியர்பாக்ஸுக்கான பவர்ட்ரெயின் வாரண்டி, துரு வாரண்டி, மின்சாரக் கார் என்றால் பேட்டரி வாரண்டி என ஒவ்வொன்றுக்கும் கால அளவும் விலக்குகளும் வேறு. கூடுதல் காசு கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியைத் தனியாகப் படிக்க வேண்டும். அது பல நேரங்களில் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தம். மாற்றங்கள் செய்த காருக்குக் காப்பே இல்லை என்று அதில் நேரடியாக எழுதியிருக்கலாம்.

அடுத்து, என்ன பாகம் வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரு வகை. அதே பாகத்தை அந்த நிறுவனத்துக்குத் தயாரித்துக் கொடுப்பவர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது இன்னொரு வகை. பாஷ், டென்சோ, வேலியோ, மாலே போன்ற பெயர்கள் இதில் வரும். மூன்றாவது, அளவு பொருந்தும்படி வேறொருவர் செய்யும் பாகம். நான்காவது டூப்ளிகேட். முதல் மூன்றுக்கும் வாதாட இடம் உண்டு, டூப்ளிகேட்டுக்குக் கிடையாது. பார்ட் நம்பர், பேட்ச் எண், பெயர் சொல்லும் பில் மூன்றும் இல்லாத பாகத்தை, வாரண்டி உள்ள காரில் மாட்ட வேண்டாம்.

ஷோரூமிலேயே மாட்டிக்கொடுத்தது என்பதால் கம்பெனி வாரண்டி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பில்லில் கார் நிறுவனத்தின் பார்ட் நம்பர் இருந்தால்தான் அது கம்பெனி ஆக்சஸரி. டீலர் வெளியே வாங்கி மாட்டியதென்றால் அதற்குப் பொறுப்பு டீலர். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சார வேலைகள்

வாரண்டி தகராறுக்கு வயரிங் அளவுக்கு வாகான இடம் வேறில்லை. வயரை வெட்டிய தடம் மறையாது. இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டைப் பார்த்த நிமிடத்தில் டெக்னீஷியன் போட்டோ எடுத்துவிடுவார். எனவே முதல் விதி: கம்பெனி வயரை வெட்டாதே, உரிக்காதே, கடிப்பான் கிளிப் போடாதே. காரின் கனெக்டரிலேயே செருகும் கப்ளர் உள்ள கிட்டை மட்டும் வாங்குங்கள்.

ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொள்வோம். சாதாரண எச்4 பல்ப் 60/55 வாட். அந்த இடத்தில் 100/90 வாட் பல்ப் போட்டால் டிம் லைட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 110 வாட்டுக்குப் பதில் 180 வாட். 12 வோல்ட்டில் 9.2 ஆம்பியர் 15 ஆம்பியர் ஆகிறது. வயரிலும் கனெக்டரிலும் வரும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும், அதாவது ஏறத்தாழ 2.7 மடங்கு. பல்ப் கனெக்டர் பழுப்பாகும், பிறகு உருகும், அதன்பின் சுவிட்சோ கன்ட்ரோல் யூனிட்டோ போகும். தனி ரிலே வயரிங் போட்டால் வயர் தப்பிக்கும். ரிஃப்ளெக்டர் தப்பிக்காது, உள்பூச்சு கருகும். பாடி கன்ட்ரோல் மாட்யூல் நேரடியாக பல்பை இயக்கும் புதிய கார்களில் இந்த விளையாட்டே வேண்டாம். அந்த மாட்யூல் போனால் க்ளெய்ம் கிடைக்காது, கிடைக்காததும் நியாயமே.

டேஷ்கேம் பாதுகாப்பான வேலை, சரியாகச் செய்தால். ஃபியூஸ் பாக்ஸில் செருகும் ஃபியூஸ் டேப் (ஒரு ஃபியூஸ் இடத்திலிருந்து இன்னொரு லைன் எடுக்கும் துண்டு) வாங்குங்கள்.

1. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும், உயிர்ப் பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட் ஃபியூஸ் நல்லது. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கன்ட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.
2. ஃபியூஸைக் கழற்றி, சாவியை ஆன் செய்து மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் காட்டும் ஓட்டைதான் சப்ளை பக்கம். டேப்பில் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். திருப்பிச் செருகினாலும் கேமரா வேலை செய்யும். ஆனால் இரண்டு லோடும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும்.
3. பழைய ஃபியூஸை அதே ஆம்பியரில் திரும்ப வையுங்கள். கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும்.
4. எர்த் வயரை பெயின்ட் இல்லாத கம்பெனி போல்ட்டில் கட்டுங்கள்.
5. தூண் வழியாக வயர் போனால், கர்ட்டன் ஏர்பேக்கின் பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். முன்பக்கம் குறுக்கே போன வயர் ஏர்பேக் விரியும்போது தடையாகும்.

கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடு போட வேண்டுமானால், எப்போதும் கரண்ட் வரும் இன்னொரு ஃபியூஸும் தேவைப்படும். அப்போது கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 300 மில்லிஆம்பியர் இழுக்கும் கேமரா ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-ஹவர் குடிக்கும். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் நான்கு நாளில் பாதி காலி. கேமரா தானாக அணையும் கட்-ஆஃப் வோல்டேஜை 12.2-க்குக் கீழே வைக்காதீர்கள். மாட்டியபின், காரைப் பூட்டி முக்கால் மணி நேரம் கழித்து, கேமரா இல்லாமல் கார் மட்டும் இழுக்கும் கரண்டை அளந்து எழுதி வையுங்கள். பெரும்பாலான கார்களில் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கும். பின்னாளில் பேட்டரி க்ளெய்ம் வந்தால் இந்த எண் உதவும்.

ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தால், பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள ஃபயர்வால் தகட்டில் ரப்பர் குரோமெட் இல்லாமல் வயர் நுழைந்தால் தகடு அறுத்து ஷார்ட் ஆகும்.

எஞ்சின்: ஆயில், ஃபில்டர், சாஃப்ட்வேர்

வெளியே ஆயில் மாற்றுவதால் வாரண்டி போவதில்லை. மாற்றியதற்கு ஆதாரம் இல்லாததால்தான் போகிறது. பில்லில் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் முழுத் தர எண், எத்தனை லிட்டர், ஃபில்டரின் பார்ட் நம்பர் எல்லாம் இருக்கட்டும். 4.2 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 3.5 லிட்டர் பில் இருந்தால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. பாகுநிலை மட்டும் பொருந்தினால் போதாது. புத்தகத்தில் ஏசிஇஏ சி3 என்ற தர எண் இருந்தால் டப்பாவிலும் அதே இருக்க வேண்டும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் காரில் சாம்பல் அதிகம் விடும் ஆயில் ஊற்றினால் ஃபில்டர் அடைத்துப்போகும், அந்த டிபிஎஃப் செலவு உங்களுடையதாகிவிடும். கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

ஆயில் ஃபில்டரில் திருகு மரை பொருந்தினால் மட்டும் போதாது. பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தமும், எஞ்சின் நின்றபின் ஆயில் இறங்காமல் பிடிக்கும் வால்வும் சரியாக இருக்க வேண்டும். கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதிய ஃபில்டரை இறுக்கினால் ஓடும்போது ஆயில் பீய்ச்சி அடித்து எஞ்சின் பிடித்துவிடும். அந்த நஷ்டத்தைக் கார் கம்பெனி ஏற்காது. மாட்டிய கடைதான் ஏற்க வேண்டும்.

எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டரில், கழுவியபின் எண்ணெய் அதிகமாகிவிட்டால் அது காற்றளவு சென்சாரின் கம்பியில் படியும். சென்சார் குறைவான காற்று காட்டும், பெட்ரோல் குறையும், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று சொல்லும் பி0171 கோளாறுக் கோடு வரும். காகித ஃபில்டரே போதும் என்பது எங்கள் கட்சி.

பவருக்காக எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதும் ரீமேப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம்: பவர்ட்ரெயின் வாரண்டி வேண்டுமானால் செய்யாதீர்கள். "சர்வீஸுக்கு முன் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிடலாம்" என்பது தேறாது. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியு-க்கள் பலவற்றில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை இருக்கும். சாஃப்ட்வேரைச் சரிபார்க்கும் எண்ணும் இருக்கும். வயரில் செருகும் டியூனிங் பாக்ஸ் இசியு-வில் எழுதாது. ஆனால் டர்போ அழுத்தமும் ஃபியூவல் ரயில் அழுத்தமும் வரம்பு தாண்டிய நேரம் கோளாறுக் கோடுடன் பதிவாகியிருக்கும். உருகிய பிஸ்டனும் கருகிய கிளட்சும் தாமாகவே பேசும்.

டயர், வீல், சஸ்பென்ஷன்

மொத்த விட்டம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள எல்லை. 195/65 ஆர்15 டயரின் விட்டம் 634.5 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 போட்டால் 631.9, வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. 215/60 ஆர்16 போட்டால் 664.4, கிட்டத்தட்ட 4.7 சதவீதம், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், வீல் ஆர்ச்சில் உரசலாம். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோட் இண்டெக்ஸ் கம்பெனி எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. அலாய் வீலில் ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகத்துக்கு உள்ள தூரம்) 45 மில்லிமீட்டரிலிருந்து 30 ஆனால் சக்கரம் 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். பேரிங் முழு நேரமும் கூடுதல் நெம்புதலில் சுழலும். வீல் பேரிங் க்ளெய்ம் நிராகரிக்கப்படுவதற்கு இது சரியான காரணம்தான். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் உதறும்.

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் ஷாக்கையும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்த வட்டாரத்துப் பாகங்களுக்கு வாரண்டியை மறந்துவிடலாம்.

பம்பருக்கு முன்னால் புல் கார்டு, சீட் ஏர்பேக்கை மறைக்கும் சீட் கவர், ரேடார் உள்ள பம்பரில் தடித்த பெயின்ட்: இவை வாரண்டிக்கு முன் உயிர்ப் பிரச்சினை. அடியில் துருத் தடுப்புப் பூச்சு அடித்தால், கதவுக்கும் அதன் கீழுள்ள படித் தகட்டுக்கும் அடியில் உள்ள தண்ணீர் ஓட்டைகள் அடைபடாமல் பாருங்கள். அடைத்தால் உள்ளே நீர் தேங்கித் துரு வரும், துரு வாரண்டியும் போகும்.

க்ளெய்ம் நாள் வந்தால்

கழற்றிய ஒரிஜினல் பாகத்தை வாரண்டி முடியும் வரை பத்திரமாக வையுங்கள். மாட்டிய அன்று ஓடோமீட்டர் தெரியும்படி ஒரு போட்டோ, வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டு. வெளி பாகத்தின் வாரண்டி பெரும்பாலும் அந்தப் பாகத்துக்கு மட்டும். கழற்றி மாட்டும் கூலியும், அதனால் கெட்ட மற்ற பாகமும் அதில் வராது.

ஜாப் கார்டில் அறிகுறியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: "குளிர்ந்த எஞ்சினில் இரண்டாவது கியர் விழவில்லை". காரணத்தை நீங்களே ஊகித்து எழுதாதீர்கள். மாட்டியிருப்பதை மறைக்கவும் வேண்டாம். மறைத்தது தெரிந்தால் அடுத்த க்ளெய்முக்கும் சந்தேகம் தொற்றும்.

மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். எந்தப் பாகம் கெட்டது, வாரண்டியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள், நீங்கள் மாட்டியது அதை எப்படிக் கெடுத்தது என்ற மூன்றுக்கும் கையெழுத்துடன் பதில் கேளுங்கள். கோளாறுக் கோடுகளின் பிரின்ட்டும், அந்த நொடியில் பதிவான ஆர்பிஎம், வெப்பநிலை விவரமும் சேர்த்து வாங்குங்கள். "மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது" என்பது மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆகாது. அங்கே தீராவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு, பிறகு நுகர்வோர் ஆணையம். அதுவரை கெட்ட பாகத்தை ஸ்கிராப்பில் போட அனுமதிக்காதீர்கள். கழற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தனி இன்ஜினீயர் ஒருவர் பின்னால் பார்க்க வேண்டியது அந்தப் பாகத்தைத்தான்.