பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி சொல்வது எப்படி?

"படம் எப்படி?" என்று கேட்டால் நம்மில் பலருக்கு வாயில் வருவது மூன்றே பதில்தான்: நல்லா இருந்தது, சுமார், மொக்கை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, நடுவில் ஓரிடத்தில் கண் கலங்கி, ராத்திரி தூங்கப் போகும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தவர்கூட யாராவது கேட்டதும் "நல்லா இருந்தது" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். சொல்ல விஷயம் இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் பிடிபடுவதில்லை. நண்பருக்கு ஒரு மெசேஜோ, நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடப் பேச்சோ, அதற்கு இந்த வழி போதும். பெரிய சினிமா அறிவெல்லாம் தேவையில்லை.

படி 1: யார் என்ன சொன்னார்கள் என்று தேடும் முன் மூன்று குறிப்பு

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கை தானாகப் போனுக்குப் போகும், மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க. கொஞ்சம் பொறுங்கள். ஒருமுறை படித்துவிட்டால் அவர்கள் கருத்து எது, நம் கருத்து எது என்று பிரிப்பது ரொம்பக் கஷ்டம். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கண்ணில் நிற்கும் ஒரு காட்சி, காதில் நிற்கும் ஒரு சத்தம் அல்லது வசனம், எங்கேயாவது உறுத்திய ஓர் இடம். முழு வாக்கியம்கூட வேண்டாம். "மணி அடிக்காமலே போயிட்டார்", "மழை நின்னதும் வந்த அமைதி", "அந்த வக்கீல் எதுக்கு?" என்று துண்டு துண்டாக இருந்தால் போதும்.

இதை ஏன் உடனே செய்யச் சொல்கிறேன் என்றால், நினைவு நம்மை ஏமாற்றும். 1993இல் பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆட்களுக்குச் சின்னச் சின்னப் படத்துண்டுகளைக் காட்டி ஆய்வு செய்தார்கள். பிறகு கேட்டபோது, துண்டு எவ்வளவு நேரம் ஓடியது என்பது பார்த்தவர்களின் மதிப்பீட்டில் பெரிதாக எடுபடவே இல்லை, உச்சமான கணமும் கடைசிக் கணமும்தான் ஆட்டிவைத்தன. க்ளைமாக்ஸ் அசத்திவிட்டால் நடுவில் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் மறந்தே போகும், க்ளைமாக்ஸ் சொதப்பினால் அதுவரை ரசித்ததெல்லாம் வீணாகிவிட்ட மாதிரித் தோன்றும். அந்த மூன்று குறிப்பு நடுப்பகுதியைக் காப்பாற்றி வைக்கும்.

படி 2: கதை இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்

யார், என்ன சிக்கல். அவ்வளவுதான். புதிதாகச் சொல்ல ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், "அப்புறம் அவன் வருவான், அப்புறம் அவ கோவிச்சுக்குவா" என்று முழுக் கதையும் ஓடிவிடும், கடைசியில் அவர்களுக்கு என்ன தோன்றியது என்பது மட்டும் வராது.

படி 3: ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். "நடிப்பு சூப்பர், மியூசிக் ஓகே, கேமரா பிரமாதம்" என்று வரிசையாக மார்க் போட்டால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது, எந்தப் படத்துக்கும் பொருந்தும் வரி அது. ஒரு காட்சியை எடுத்து, என்ன நடந்தது, உங்களுக்கு என்ன ஆனது, ஏன் ஆனது என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

உதாரணத்துக்கு நானே ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்கிறேன். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத மகனின் வீட்டுக்கு ஒரு வயதான அப்பா வருகிறார். அழைப்பு மணியில் விரலை வைக்கிறார். உள்ளே எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம். விரலை அழுத்தாமலே எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கிறார். இதைப் பார்த்துவிட்டு "அப்பாவா நடிச்சவர் பின்னிட்டார்" என்று சொல்லலாம், தப்பில்லை. இப்படியும் சொல்லலாம்: "அப்பா மணியில கை வெச்சுட்டு எடுக்கிற இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுது. அவர் முகத்தையே காட்டல, விரலை மட்டும்தான் காட்டறாங்க, உள்ளே கேட்கிற சிரிப்பு மட்டும் விடாம போய்க்கிட்டே இருக்கு."

இரண்டாவதைக் கேட்டவருக்குப் படம் கண்ணில் தெரிகிறது. உங்களை உலுக்கியது நடிகரின் முகம் இல்லை, அது திரையிலேயே இல்லை, விரலும் சத்தமும்தான் என்பதும் அப்படிச் சொல்லும்போதுதான் உங்களுக்கே பிடிபடும்.

"ஏன்" என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் மூன்று இடத்தில் தேடிப் பாருங்கள். என்ன காட்டினார்கள், என்ன காட்டாமல் விட்டார்கள்? என்ன சத்தம் கேட்டது, எப்போது நின்றது? அதற்கு முந்தின ஷாட் எது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. சுமார் நூறு வருடங்களுக்கு முன் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், ஒரு தடவை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று மூன்றையும் அந்த ஒரே முகத்தில் கண்டார்களாம். அதனால் "என்ன ஒரு எக்ஸ்பிரஷன்!" என்று சொல்லும் முன், அதற்கு முன்னால் நமக்கு எதைக் காட்டினார்கள் என்று ஒரு நொடி யோசித்தால் எடிட்டருக்குச் சேரவேண்டிய பாராட்டு அவருக்குப் போய்ச் சேரும்.

படி 4: பிடிக்காததையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள்

"செகண்ட் ஹாஃப் லேக்" என்பது பாதிக் கருத்துதான். எந்த இடத்தில் கவனம் கழன்றது? நம் கற்பனைப் படத்தில் அந்த வக்கீல் வந்து, நமக்கு ஏற்கனவே தெரிந்த பிரச்சினையை ஐந்து நிமிடம் மறுபடி விளக்கிய இடத்திலா? அப்படியென்றால் அதையே சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாதவர்கூட நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்.

இன்னொன்று, நீங்கள் எந்த நிலையில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அசதியில் பாதித் தூக்கத்தோடு பார்த்தது, மூன்று தவணையாக போனில் பார்த்தது என்றால் அதுவும் உங்கள் கருத்தின் பகுதிதான். வீட்டு டிவியில் பார்த்துவிட்டு "கேமரா ஏதோ சீரியல் மாதிரி இருக்கு" என்று தோன்றினால் உடனே ஒளிப்பதிவாளரைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனி அசையாப் படம்) கணக்கில் எடுக்கப்பட்டவை, பல டிவிகள் அவற்றுக்கு நடுவே தாங்களாகவே ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கிவிடும், சீரியல் தோற்றம் வருவது அதனால்தான். டிவி செட்டிங்கில் அசைவு தொடர்பான அந்த வசதியை அணைத்துவிட்டு இரண்டு காட்சி பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

படி 5: ஸ்பாய்லர், அதாவது பார்க்காதவரிடம் கதையின் முடிச்சை உடைப்பது

1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் கறாராக இருந்தார். பார்க்கப்போகிறவரின் அனுபவத்துக்கு நாமும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயங்களைத் தாராளமாகப் பேசலாம், அதற்கு மேல் என்றால் "பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான். "ட்விஸ்ட் எதையும் சொல்லல, ஆனா கடைசியில ஒண்ணு இருக்கு பாரு" என்பதும் ஸ்பாய்லர்தான், அதைக் கேட்டவர் படம் முழுக்க அந்த ஒன்றைத் தேடிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்.

படி 6: மார்க் போடுவது உங்கள் இஷ்டம்

போட்டால் கடைசியில் போடுங்கள். இணையத்தில் பார்க்கும் எண்ணை எடுத்துக்காட்டுவதாக இருந்தால் அது எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் பத்துக்கு ஒன்பது மார்க் என்று அர்த்தம் இல்லை, நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் சாதகமாகச் சொன்னார்கள் என்று அர்த்தம். அந்தத் தொண்ணூறு பேருமே "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்ற அளவில் சொல்லியிருந்தாலும் அதே 90தான் வரும்.

படி 7: சொன்ன பிறகு

சமீபத்தில் மூன்று நாலு படம் பார்த்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் சொல்ல வேண்டியதில்லை, உங்களை அசைத்த ஒன்றுக்கு நாலு வரி, மற்றவற்றுக்கு ஆளுக்கொரு வரி.

பதிலுக்கு ஒருவர் "எனக்குச் சுத்தமா பிடிக்கல" என்பார். சட்டென்று படத்துக்கு வக்காலத்து வாங்கத் தோன்றும், அதை அடக்கிக்கொண்டு "எந்த இடத்துல?" என்று கேளுங்கள். அவர் ஒருவேளை உங்களுக்குப் பிடித்த அதே காட்சியைச் சொல்லலாம்: "அந்த மணி சீன்தான். அவர் அழுத்தியிருந்தா அந்தச் சிரிப்புல அவரையும் சேர்த்திருப்பாங்க. அவரைப் பாவமா காட்டணும்னே படம் அவரைத் திருப்பி அனுப்பிடுச்சு." உங்கள் தொண்டையை அடைக்கவைத்த அதே விரல் அவருக்குப் பொய்யாகப் பட்டிருக்கிறது. அவசரப்பட்டுப் பதில் எழுதாதீர்கள், முடிந்தால் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டு, உள்ளே கேட்கும் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கவனித்துவிட்டு வாருங்கள்.