54 என்ற எண்ணை மட்டும் நம்பி ரோடு பைக் வாங்கலாமா?

ரோடு பைக் எனப்படும் சாலை சைக்கிள்களில், ஒரு நிறுவனத்தின் 54 அளவு ஃபிரேமும் (சட்டகமும்) இன்னொரு நிறுவனத்தின் 54 அளவு ஃபிரேமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே, ரோடு பைக்குகளை ஒப்பிடுவோர் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, நிறுவனங்கள் வெளியிடும் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில்பார் பக்கமுள்ள முன்குழாயான ஹெட் டியூபின் மேல்முனை வரையுள்ள செங்குத்து உயரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைமட்டத் தூரம் ரீச்.

இவற்றைத் தனித்தனியாக ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். முதல் வண்டியின் ஸ்டாக் 545 மி.மீ., ரீச் 385 மி.மீ. என்றும், இரண்டாவதில் அவை 565, 380 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் வண்டிதான் நீளம் என்று தோன்றும். ஆனால் அதன் ஹேண்டில்பாரை இரண்டாவதன் உயரத்துக்குக் கொண்டுவர அதன் அடியில் ஸ்பேசர்களை (உயரம் கூட்டும் வளையங்களை) அடுக்கினால், ஹெட் டியூப் சுமார் 73 டிகிரியில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், 20 மி.மீ. உயர்வதற்குள் ரீச் ஏறத்தாழ 6 மி.மீ. குறைந்து 379க்கு வந்துவிடுகிறது. ஸ்டாக்கைச் சமப்படுத்திய பிறகே ரீச்சை ஒப்பிட வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

இப்போது ஓட்டும் வண்டி உடலுக்கு இசைவாக இருந்தால், அதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை. சமதளத் தரையில், பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்துங்கள். கிராங்க் மையம், ஹெட் டியூபின் மேல்முனையின் மையம் ஆகிய இரண்டிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் குறியிட்டு, சுவரிலிருந்து இரு குறிகளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால், அவற்றின் வித்தியாசமே ரீச். தரையிலிருந்து அவ்விரு புள்ளிகளுக்கும் உள்ள உயரங்களின் வித்தியாசம் ஸ்டாக்.

சீட்டைத் தாங்கும் சீட் டியூபையும் ஹெட் டியூபையும் இணைக்கும் மேல்குழாயான டாப் டியூபின் நீளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். சீட் டியூபின் கோணம் 1 டிகிரி மாறினாலே சீட் சுமார் 12 மி.மீ. முன்பின் நகர்ந்துவிடும்.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சொல்லும்படியான ஏற்றம் இல்லாததால், எழுந்து நின்று மிதிக்கும் தேவை அரிதாகவே வரும். ஒரே நிலையில் நெடுநேரம் குனிந்திருக்கும்போது கழுத்தும் உள்ளங்கையும்தான் முதலில் வலிக்கும். எனவே சென்னையில் புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பந்தய வகையைவிட ஸ்டாக் கூடுதலான எண்டியூரன்ஸ் (நெடுந்தூரம் வசதியாக ஓட்டுவதற்கான) வகையையே பரிந்துரைப்பேன். எதிர்க்காற்று அடித்தால் முழங்கையை மடக்கித் தாழ்ந்துகொள்ளலாம். தாழ்வான ஃபிரேமை உயர்த்தவோ, ஸ்பேசர்களுக்கு நிறுவனம் விதித்துள்ள வரம்பு இடம் கொடுக்காது.

ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மின் நீளத்தில் 10 மி.மீ. கூட்டியோ குறைத்தோ சரியாகிவிட்டால் அந்த ஃபிரேம் பொருந்துகிறது என்று கொள்ளலாம். 100 மி.மீ. ஸ்டெம்முக்குப் பதிலாக 70 மி.மீ. தேவைப்பட்டால், கடையில் வேறு அளவு ஃபிரேமைக் கேளுங்கள்.